வலி உண்டா?

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஸ்டோர் அறையில் டீசல் வாடை வீசும் எனிமா கேன் ஒன்று இருந்தது. வெள்ளை இனாமல் பூசிய, ஒன்றரை லிட்டர் கொள்ளும் சாதாரணக் கேன். அடியில் ரப்பர் குழாய் மாட்டுவதற்கு ஒரு மூக்கு. சோப்புப் போட்டுக் கழுவினேன், சோடா மாவு போட்டுக் கொதிக்க வைத்தேன், மூன்று நாள் வெயிலில் கவிழ்த்து வைத்தேன். வாடை போவதாக இல்லை. இனி நோயாளிக்கு உதவாது என்று கழிவுப் பட்டியலில் சேர்க்கும்போது, இதில் டீசல் எப்படி வந்தது என்று ஸ்டோர் கீப்பர் கேட்டார். வண்டிக்கு எனிமா கொடுத்தோம் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த சாமானை எடுத்தார்.

அதில் டீசல் ஊற்றியவர் எங்கள் ஜீப் டிரைவர். டாக்டர் முதல் முற்றம் பெருக்க வருபவள் வரை எல்லோருக்கும் அவர் டிரைவரண்ணன்தான். நாற்பது வயதிருக்கும். எங்களிடம் வருவதற்கு முன் நாகர்கோயிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே லாரி ஓட்டியவர். மனிதர்களிடம் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை; கோபம் எல்லாம் ஜீப்பிடம்தான். அதை அவர் 'சவம்' என்றுதான் கூப்பிடுவார். அது எங்களுக்கு வரும்போதே கிழடு. வேறு ஏதோ இலாகா ஓட்டித் தேய்த்து ஒதுக்கியதைப் பெயிண்ட் அடித்து எங்கள் தலையில் கட்டியிருந்தார்கள். ஓட ஆரம்பித்துவிட்டால் மேடு, பள்ளம், சேறு எதையும் சட்டை செய்யாது. ஆனால் ஓட ஆரம்பிக்க வேண்டுமே! அதனால் டிரைவரண்ணன் எங்கே போனாலும் சரிவு பார்த்துத்தான் நிறுத்துவார். சாவிக்கு மசியாவிட்டால் உருட்டிவிட்டுக் கியரில் பிடிக்கலாம் என்று. எனக்குப் பிரசவ வீடு தேடி அலையும் பாடு, அவருக்குச் சரிவு தேடும் பாடு.

வண்டி முரண்டு பிடித்தால் மற்ற டிரைவர்கள் முதலில் ஸ்பேனரை எடுப்பார்கள். இவர் முதலில் கேள்வி கேட்பார். சாவியைத் திருப்பினால் இஞ்சின் சுற்றுகிறதா? சுற்றவில்லையென்றால் பேட்டரி, அதன் முனையில் பூத்திருக்கும் உப்பு, இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர். நன்றாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் பின்னால் புகைக்குழாயைப் பார்க்க வேண்டும். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, சூடு போதவில்லை என்று பொருள். புகையே இல்லையென்றால் டீசலே போகவில்லை. டாங்கிலிருந்து இஞ்சின் வரை எந்த இடத்தில் நின்றுவிட்டது என்று ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். இதற்கு இரண்டு ஆள் வேண்டும். அவர் முன்னால், இன்னொருவர் பின்னால். அந்த இன்னொரு ஆள் பெரும்பாலும் நான்தான்.

“சிஸ்டரே, புகை உண்டா?”

“இல்ல.”

“நல்லா பாத்தியளா? கொஞ்சம்போலயும் இல்லியா?”

“இல்லேன்னா இல்ல அண்ணே.”

“உங்க வாய நம்பியாக்கும் நான் நட்டு கழட்டுது. பாத்துச் சொல்லுங்க.”

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். நானும் கேள்வி கேட்டுப் பிழைப்பவள்தானே என்று ஒரு கர்வம். நாகர்கோயிலில் நர்ஸ் பயிற்சி எடுத்தவள் நான். அங்கே பிரசவ வார்டில் நாள் முழுக்கக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: வலி உண்டா? தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் எங்கள் எல்லைக் கிராமங்களில் பெண்கள் அதை நோவு என்பார்கள். நான் வலி, வலி என்று கேட்டுக் கேட்டு அவர்களும் என்னிடம் வலி என்றே சொல்லப் பழகிவிட்டார்கள். நான் அவர்களைத் திருத்திவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று நாங்கள் போனது குளத்தூர்ப் பக்கம், ஒரு தென்னந்தோப்பின் மேல்கோடியில் இருந்த வீட்டுக்கு. அந்த வீட்டுக்காரர் முன்பு அதே தோப்பில் குடிசை போட்டுத் தோப்பு முதலாளிக்கு வேலை செய்தவர். குடியிருப்பவனுக்கே நிலம் என்ற சட்டம் வந்தபோது குடிசை நின்ற பத்து சென்ட் அவர் பெயருக்குப் பதிந்து கிடைத்தது. நிலம் கிடைத்தது, வழி கிடைக்கவில்லை. சுற்றிலும் முதலாளியின் வேலி. நடுவே ஒற்றை ஆள் நடக்கும் தடம். மகன் வளைகுடாவுக்குப் போய்ச் சம்பாதித்து அந்தப் பத்து சென்ட்டில் கான்கிரீட் வீடு கட்டியபோது கல், மணல், கம்பி எல்லாம் தலைச்சுமையாகத்தான் மேலேறின. மொட்டை மாடியும் மொசைக் தரையுமாக வீடு எழுந்துவிட்டது. ஒரு சைக்கிள்கூட வாசல் வரை வராது.

அந்த மகனின் மனைவிக்கு இருபது வயது, தலைப்பிரசவம். அவன் அவளுக்கு நான்காம் மாதத்திலேயே திரும்பிப் போய்விட்டான். மாமனார் அதற்குள் இறந்துபோயிருந்தார். மாமியாரும் மருமகளும் மட்டும்தான். விடியும் முன்பே நோவு தொடங்கியதாகச் சொல்லி ஆள் வந்தது. ஜீப்பில் போய் இறங்கினேன். காலை முழுக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் “வலி உண்டா?” என்று கேட்பேன். அவள் கண்ணை மூடியபடியே “உண்டு” என்பாள். நல்ல பிள்ளை, கத்தவே மாட்டாள். பதினொரு மணி வாக்கில் பனிக்குடம் உடைந்தது. தண்ணீர் பச்சையாக இருந்தது. மரக்குழலை வயிற்றில் வைத்துக் கேட்டால், குழந்தையின் துடிப்பு ஒவ்வொரு வலிக்கும் தேய்ந்து, தயங்கித் தயங்கித்தான் மீண்டது. ஆபரேஷன் செய்து எடுக்காவிட்டால் குழந்தை தங்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் முக்கால் மணி நேரம். போனால் பிழைக்கும் என்று மாமியாரிடம் சொன்னேன். சொல்லும்போது நம்பித்தான் சொன்னேன்.

தோப்பில் தேங்காய் வெட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கீழே மண்பாதையில் சரிவு பார்த்து ஜீப் நின்றது. அவளைப் பின் இருக்கையில் படுக்க வைத்தோம். மாமியார் அவள் தலையை மடியில் ஏந்திக்கொண்டாள். டிரைவரண்ணன் சாவியைத் திருப்பினார். இஞ்சின் நன்றாகச் சுற்றியது, பற்றவில்லை. மறுபடியும் திருப்பினார், மறுபடியும் அதேதான். “தள்ளுங்க மக்கா” என்றார். அந்த இரண்டு பேரும் தள்ளினார்கள். ஜீப் சரிவு முழுக்க உருண்டது. கியரில் விட்டபோது குலுங்கியதே தவிர ஒரு முறைகூட இருமவில்லை. வயல் தொடங்கும் இடத்தில், சரிவு தீர்ந்த இடத்தில், போய் நின்றது. இனித் தள்ள மேடு கிடையாது. தள்ளியவர்களில் ஒருவர் சைக்கிள் இரவல் வாங்கிக்கொண்டு அமரவிளைக்கு டாக்சி பிடிக்க ஓடினார். இன்னொருவர் அடுத்த வீடுகளில் ஆள் தேடிப் போனார்.

நல்ல உச்சி வெயில். டிரைவரண்ணன் பானெட்டைத் தூக்கினார். அவசரப்படவில்லை, எனக்குத்தான் அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது.

“சிஸ்டரே, புகை உண்டா?”

ஓடிப்போய்ப் பார்த்தேன். “இல்ல, கொஞ்சம்கூட இல்ல.”

“அப்போ டீசல் வரல்ல. பாப்போம், பம்பு இழுக்குதான்னு.”

அந்த ஜீப்பில் டாங்க் டிரைவர் இருக்கைக்கு அடியில் இருக்கும். அங்கிருந்து டீசலை உறிஞ்சி இஞ்சினுக்கு அனுப்புவது முன்னால் இருக்கும் சின்னப் பம்பு. அதைக் கையாலும் அடிக்கலாம். டாங்க் ஓரத்தில் பைப்பைக் கழற்றி, அதன் வாயில் என் கட்டை விரலை வைத்து மூடச் சொன்னார். அவர் முன்னால் பம்பை அடிக்கும்போது விரலை உள்ளே இழுத்தால் பம்பு சரி, இழுக்காவிட்டால் பம்பில்தான் கேடு. சொல்லிவிட்டு முன்னால் போனார். தூக்கிய பானெட் மறைத்ததால் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகம் அவருக்கும் தெரியவில்லை. இரண்டு இருக்கைகளுக்கும் இடையில் மண்டியிட்டு, வலது கை விரல் பைப்பிலும் இடது கை அவள் கையிலுமாக இருந்தேன். அவள் கை என் கையை நெரிக்கத் தொடங்கியது. அடுத்த வலி வந்துவிட்டது. துடிப்பு மீளுமா, மீளாதா என்பது தவிர அப்போது என் மனதில் வேறு எதுவும் இல்லை.

“வலி உண்டா?” என்று முன்னாலிருந்து சத்தம் வந்தது.

“உண்டு! நல்லாவே உண்டு!” என்று கத்தினேன்.

எங்கள் பக்கத்தில் கயிற்றை வலிப்பார்கள், பீடியை வலிப்பார்கள், மீன்வலையைக் கரைக்கு வலிப்பார்கள். மலையாளத்தில் இழுப்பதற்கு அதுதான் சொல். பிறந்த நாள் முதல் இரண்டு பாஷையிலும் புழங்குகிறவள் நான், அந்தச் சொல் எனக்குத் தெரியாததில்லை. அவர் கேட்டது பைப்பை. நான் பதில் சொன்னது அவளுக்காக. என் கட்டை விரலை எதுவும் இழுக்கவில்லை, அது சும்மாதான் அங்கே இருந்தது.

என் வாயை நம்பி அவர் பம்பைத் தொடவில்லை. பைப்பைத் திரும்ப மாட்டிவிட்டு, பம்புக்கு அப்பால் இருந்த இரண்டு ஃபில்டர்களையும் கழற்றினார். அழுக்கைக் கழுவினார், ஊதினார், மாட்டினார். காற்று அடைத்திருக்கும் என்று ஸ்க்ரூவைத் தளர்த்தி அடித்துப் பார்த்தார். ஒரு சொட்டு வரவில்லை. இணைப்புகளில் காற்று இழுக்கிறதோ என்று நூல் சுற்றி, சோப்பு அடைத்து முறுக்கினார். அவர் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. மாமியார் ஜெபம் செய்துகொண்டிருந்தாள். நான் குழலை வைப்பதும் வாட்சைப் பார்ப்பதுமாக இருந்தேன். 'என்ன மனுஷன் இவர், இத்தனை நேரமா?' என்று அவர்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இதை எழுதும்போது அந்தக் கோபம்தான் என்னை அதிகம் வெட்கப்படுத்துகிறது. அரை மணி நேரம் அப்படிப் போயிற்று.

பிறகு அவர் என்னை வண்டிக்கு முன்னால் வரும்படி சைகை காட்டினார்.

“பைப்பில வலி உண்டுன்னு சொன்னியல்லா சிஸ்டரே? பின்ன ஏன் ஒரு துளி வரல்ல?”

“பைப்பிலயா?” என்றேன். “நான் அவளுக்கு வலி வந்ததயாக்கும்...”

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “சத்தம் போடாண்டாம், உள்ள கேக்கும்” என்று மட்டும் மெல்லச் சொன்னார். உடனே திரும்பிப் பம்பை அவிழ்த்தார். உள்ளே இருந்த ரப்பர் சவ்வு நீளமாகக் கிழிந்திருந்தது. மாற்றுவதற்கு இன்னொன்று கிடையாது. அதைத் தரையில் வீசிவிட்டு, என் பிரசவப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். எனிமா கேனையும் ரப்பர் குழாயையும் எடுத்துக்கொண்டார். டாங்கில் குழாயை விட்டு வாயால் உறிஞ்சிக் கேனை நிரப்பினார். வாய்க்குள் போன டீசலைத் துப்பிவிட்டு, கேனைக் கண்ணாடிச் சட்டத்தின் உச்சியில் புடவைத் துண்டால் கட்டினார். குழாயின் மறுமுனையை நேரே ஃபில்டரில் செருகினார். பம்பு வேண்டாம், டீசல் தானாகக் கீழிறங்கும். காற்றை வெளியேற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினார். நான்காவது சுற்றில் இஞ்சின் பற்றிக்கொண்டது. எல்லாம் சேர்த்து எட்டு நிமிடம்கூட ஆகவில்லை. வலி இல்லை என்று அப்போதே சொல்லியிருந்தால் இந்த எட்டு நிமிடம்தான் தாமதம்.

மாமியாரை முன் இருக்கையில் உட்காரச் சொல்லி, குலுக்கலில் கட்டு நழுவாமல் இருக்கக் கையை வெளியே நீட்டிக் கேனைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். “அக்கா, கை தாழ்ந்தா வண்டி நிக்கும், கேட்டியளா?” என்றார். அவள் கை தாழவில்லை. குழிகளில் விழும்போதெல்லாம் டீசல் அவள் தோள்மேல் தெறித்தது. நடுவில் ஒரு இடத்தில், இஞ்சினை நிறுத்தாமலே, கிளம்பும் முன் டாங்கிலிருந்து பிடித்து வைத்திருந்த பாட்டிலிலிருந்து கேனை மறுபடி நிரப்பினோம். நான் பின்னால் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே வந்தேன். நூற்றிருபதுக்கு மேல் இருக்க வேண்டிய துடிப்பு, அமரவிளை தாண்டும்போது எண்பதுக்குக் கீழே இறங்கியது. டாக்சி தேடிப் போனவர் வண்டியோடு வயலுக்கு வந்து சேர்ந்தபோது, நாங்கள் ஆஸ்பத்திரி வாசலில் இருந்தோம்.

பெண் குழந்தை. உயிரோடுதான் எடுத்தார்கள். அழவில்லை, பூனைக்குட்டிபோல ஒரு முனகல் மட்டும். மறுநாள் காலையில் அதுவும் நின்றுவிட்டது. டாக்டரம்மா கை கழுவிக்கொண்டே, யாரையும் குற்றம் சொல்லும் எண்ணமில்லாமல், “ஓர் அரமணிக்கூர் முன்பே எத்தியிருந்நெங்கில்...” என்றார். அரை மணி நேரம் முந்தி வந்திருந்தால் என்ற அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நானும் டிரைவரண்ணனும் மாமியாரும் வரிசையாக நின்றிருந்தோம். என்ன ஆயிற்று வண்டிக்கு என்று மாமியார் கேட்டாள். “பம்புக்க வலி போச்சு அக்கா. டாங்கிலயிருந்து டீசல வலிக்கல்ல. எனக்கு வெளங்க நேரமாச்சு” என்றார் டிரைவரண்ணன்.

பம்புக்குப் புது ரப்பர் போட்டுத் திரும்பி வரும் வழியிலும் அவர் ஜீப்பைச் சவம் என்று திட்டவில்லை. சுகாதார நிலைய வாசலில் இறங்கும்போதுதான் சொன்னார்: “இது நாம ரெண்டு பேரும் அறிஞ்சாப் போதும் சிஸ்டரே. நாளைக்கும் நீங்க அந்த வீட்டுக்குப் போகணும். எனக்கு அந்த வேலை இல்ல.” டிரிப் புத்தகத்தில், பம்ப் கேடு, வழியில் தாமதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வண்டியைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று டாக்டரிடமிருந்து அவருக்கு ஒரு மெமோ வந்தது. அதையும் வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் டாக்டரின் அறை வாசல் வரை இரண்டு தரம் போனேன். இரண்டு தரமும் ஊசி மருந்து இருப்பைப் பற்றிக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

அடுத்த ஆண்டு அவருக்கு ஷார்ஜாவுக்கு விசா வந்தது, நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அங்கிருந்து ஒரே ஒரு கடிதம் போட்டார். இங்கே எல்லாம் புது வண்டி, சாவி திருப்பினால் ஓடுகிறது, யாரிடமும் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை என்று எழுதியிருந்தார். அந்த நாளைப் பற்றி ஒரு வரி இல்லை. பதில் எழுத உட்கார்ந்தேன், சுகம்தானே என்பதற்கு மேல் ஓடவில்லை.

அந்தப் பெண்ணின் கணவன் விடுமுறையில் வந்து போனான். அவளுக்கு மறுபடியும் ஆபரேஷனில் ஒரு பையன் பிறந்தான், நல்லபடியாக. மூன்று மாதக் குழந்தையை முதல் தடுப்பூசிக்கு என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தாள். முதல் பிரசவம் முடிந்து ஏறக்குறைய இரண்டு வருடம். வரிசையில் கடைசி ஆளாக வேண்டுமென்றே நின்றிருந்தாள் என்று பிறகுதான் புரிந்தது. எல்லோரும் போனதும், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

“ஒரு காரியம் சொல்லணும் சிஸ்டரே. அன்னைக்கு டிரைவரண்ணன் வலி உண்டான்னு கேட்டாருல்லா? காலையிலயிருந்து நீங்க அதயே கேட்டுட்டிருந்தீங்கல்லா, அந்த நினைப்புல நான் உண்டுன்னு சொல்லிட்டேன். அவரு பம்பக் கேட்டதாக்கும். பம்புக்க வலி போச்சுன்னு அவரு சொன்னத மாமி சொன்னப்பளாக்கும் எனக்கு வெளங்கிச்சு. நான் வாயத் தொறக்காம, மிண்டாம கெடந்திருந்தா எனக்க பிள்ளை இப்போ இருக்கும். எனக்க மாப்பிள்ளைக்கும் இத எழுதல்ல. மாமிக்கும் தெரியாது.”

அன்று அவள் உண்டு என்று சொன்னது எனக்குக் கேட்கவே இல்லை. இன்றுவரை எவ்வளவு யோசித்தாலும் அந்த இடத்தில் என் சத்தம்தான் எனக்குக் கேட்கிறது. வலியில் முனகிய அவள் குரல் பானெட்டுக்கு அப்பால் போயிருக்க வழியே இல்லை. உள்ளே கேட்கக் கூடாது என்று டிரைவரண்ணன் குரலைத் தாழ்த்தினார். உள்ளே இருந்தவள், தான் சொன்ன ஒரு வார்த்தையால்தான் தன் பிள்ளை போயிற்று என்று இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் ஊசியைத் தட்டில் வைத்தேன்.

“நீ சொன்னது அவருக்குக் கேக்கல்ல பிள்ளே. நான் சொன்னதாக்கும் கேட்டது. பைப்பில விரல் வச்சிருந்தது நானாக்கும். ஒனக்கு வலி வந்ததப் பாத்து நான்தான் உண்டுன்னு கத்தினேன். ஒன்மேல ஒரு குத்தமும் இல்ல.”

அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள். பிறகு முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தாள்.

“அறிஞ்சிருந்தும் ரெண்டு வருசம் எங்கிட்ட ஏன் சொல்லல்ல சிஸ்டரே?”

வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று சொல்லியிருக்கலாம். டிரைவரண்ணன் வேண்டாம் என்றார் என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் உண்மைதான், ஆனால் இரண்டையும் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை. அவள் குழந்தையின் காலைப் பிடித்து என் பக்கம் நீட்டினாள். ஊசி போட்டேன். போய்விட்டாள்.

இரண்டாவது தவணைக்கு அவள் வரவில்லை. சந்தைக்குப் போகும் வழியில் அவள் மாமியார் ஒரு நாள் ஏறி வந்தாள். பேரனைப் பாறசாலைக்குத் தூக்கிப்போய் ஊசி போட்டார்கள் என்றாள். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் வெயிலில் நின்று, இன்னொரு பஸ் மாறி. “இஞ்ச நீங்க இருக்கும்போ என்னத்துக்கு அங்கோட்டு போறாளோ, கேட்டா மிண்ட மாட்டேங்கா” என்று குறைப்பட்டாள். அன்று கேனைத் தூக்கிப் பிடித்த கை, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தது.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னேன். கதவைச் சாத்தவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.